தடைக்காலத்தில் படகு பேட்டரிகளைக் கெடுக்கும் தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், காசிமேட்டில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளில் பலகை மாற்றுவது, வண்ணம் பூசுவது, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது என எல்லா வேலையும் நடக்கிறது. பேட்டரியை மட்டும் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிவைக்கிறோம். ஈய-அமில பேட்டரி கடலில் உழைக்கும்போது கெடுவதைவிட, கரையில் அரைகுறை சார்ஜுடன் சும்மா கிடக்கும்போதுதான் வேகமாகக் கெடுகிறது என்பதை நான் பணம் இழந்த பிறகே உணர்ந்தேன்.

ஓர் ஆண்டு ஜூன் 13 அன்று எங்கள் படகின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தபோது, பிளஸ் முனையில் நீலமும் பச்சையும் கலந்த பொடி விரல் கனத்துக்குப் பூத்திருந்தது. மீட்டரை வைத்தால் 10.8 வோல்ட். அவ்வளவு நாளும் கேபினில் ஒரு கருவியின் சிறு காட்டி விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. 0.05 ஆம்பியர் மட்டுமே இழுக்கும் ஓர் இணைப்புகூட 60 நாளில் 72 ஆம்பியர்-மணியை (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) குடித்துவிடும். அது 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழப் பாதி.

ஆகவே முதல் தவறு, படகைக் கட்டிய அன்றே பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்யாமலும் இணைப்பைக் கழற்றாமலும் விடுவதுதான். சார்ஜ் இறங்கிய பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிப்போய், பிறகு எவ்வளவு நேரம் சார்ஜில் போட்டாலும் முழுதாகத் திரும்பாது. இணைப்பைக் கழற்றிய பேட்டரியும் தானாகச் சிறிது சிறிதாகச் சார்ஜை இழக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இழப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். நம் தடைக்காலத்தின் நடுவில்தான் கத்திரி வெயிலும் வருகிறது என்பதால், பேட்டரியை மேல்தளத்து வெயிலில் வைக்காமல் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீட்டரில் பார்ப்பது நல்லது. சில மணி நேரம் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.7 வரை காட்டினால் முழுச் சார்ஜ், 12.4 காட்டினால் முக்கால்தான் என்று கொண்டு அப்போதே சார்ஜில் போட்டுவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது எஞ்சினுக்கு நல்லதாக இருக்கலாம், பேட்டரிக்குப் போதாது. ஈய பேட்டரியில் கடைசி 20 சதவீதம் மிக மெதுவாகத்தான் ஏறும், அதற்குப் பல மணி நேரம் தேவை. மெதுவான ஓட்டத்தில், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் தருவதும் குறைவு.

24 வோல்ட் படகுகளில் உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த பிறகு, செல்போன் சார்ஜருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கிறார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் பசியோடு இருக்கிறது, மற்றதோ அளவுக்கு மீறிச் சார்ஜ் வாங்கித் தண்ணீரை இழக்கிறது. முடிவில் இரண்டும் கெடுகின்றன. தடைக்காலத்தில் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் முழுதாக ஏற்றினால் இந்த ஏற்றத்தாழ்வு சரியாகும். 12 வோல்ட் கருவிகளுக்கு 24 வோல்ட்டைக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டுவிட்டால் மறுபடி வராது.

பேட்டரியில் ஊற்றும் தண்ணீர் விஷயத்தில் வட சென்னைக்காரர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நம் பக்கத்துக் கைப்பம்புத் தண்ணீரில் பல இடங்களில் உப்பும் இரும்பும் கலந்திருக்கின்றன. இரண்டும் தகடுகளுக்கு நஞ்சு. ஏசியிலிருந்து சொட்டும் நீர் சுத்தமானது என்பதும் தவறு, குளிர்சுருளின் தூசியும் உலோகத் துகளும் அதில் வருகின்றன. டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்றிவிட்டு, மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு நிரப்புவதே முறை. முன்னதாகவே நிரப்பினால் சார்ஜாகும்போது அமிலம் பொங்கி வழியும். ஆவியாவது தண்ணீர்தான் என்பதால், மட்டம் குறைந்ததற்காக ஆசிட் ஊற்றவே கூடாது.

கடைசி நாளில் கடைக்கு ஓடி, இரண்டு மணி நேர அவசர சார்ஜ் கேட்பது அடுத்த தவறு. 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 15 ஆம்பியர் அளவில் நிதானமாக ஏற்றுவதே பாதுகாப்பு; பெரிய மின்னோட்டத்தில் செல்கள் (பேட்டரியின் உள் அறைகள்) சூடேறித் தகட்டின் பூச்சு உதிரும். சார்ஜின்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். மூடிய கேபினுக்குள் சார்ஜ் போடாதீர்கள். மட்டம் பார்க்கத் தீப்பெட்டியோ லைட்டரோ பற்றவைக்காதீர்கள், டார்ச் எடுங்கள். கழற்றும்போது மைனஸ் முனையை முதலிலும், மாட்டும்போது அதையே கடைசியிலும் கையாண்டால் ஸ்பேனர் இரும்பில் பட்டுப் பொறி பறக்காது. முனைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால், செல்லுக்குள் போகாதபடி துடைத்து, காய்ந்ததும் இணைப்பை இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய பெட்டிகளின் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை.

ஜூன் முதல் வாரத்திலேயே பேட்டரியைப் படகில் மாட்டி, மீட்டரை முனைகளில் வைத்துக்கொண்டு செல்ப் அடித்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி அந்த நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தாலோ, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாகக் காட்டினாலோ, அதை மாற்ற இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கும்.