சென்சார் 85 டிகிரி காட்டியது: தண்ணீர் வந்த வழி

குளச்சலில் எங்கள் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியில் எஃகுக் குழாய்க்குள் அடைத்த டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் போட்டிருக்கிறேன். அதன் வயர் வெளியே ஒரு பெட்டிக்குள், அளவைப் படித்துக் காட்டும் மின்னணு போர்டுக்குப் போகிறது. 27 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 85 என்றது, அப்புறம் மைனஸ் 127.

85 என்பது மின்சாரம் வந்ததும் சென்சார் வைத்திருக்கும் தொடக்க மதிப்பு. மைனஸ் 127 என்றால் சென்சாரே பதில் தரவில்லை. சென்சாரின் தரவு வயரோடு இணைக்கும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை மாற்றினேன், பயனில்லை. போர்டை மாற்றினேன், கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடியும் 85. அடாப்டரும் மாற்றியாயிற்று.

கடைசியில் கண்ணில் பட்டது, வயரைப் போர்டோடு திருகி இணைக்கும் ஸ்க்ரூ டெர்மினல். பெட்டிக்குள் எல்லாம் காய்ந்துதான் இருந்தது, வயரின் முனையில் மட்டும் பச்சைக் களிம்பு. வயரை நடுவில் வெட்டிப் பார்த்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை; உள்ளே செம்பு இழைகள் கறுத்து, ஈரமாக இருந்தன. எஃகுக் குழாயின் வாயில் புகுந்த உப்புநீர், திரியில் எண்ணெய் ஏறுவது போல உறைக்குள்ளேயே பெட்டி வரை ஏறியிருக்கிறது!

போர்டை முதலில் டிஸ்டில்டு வாட்டரில் கழுவினேன். உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. பிறகுதான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிரஷ்; கடைசியில் நன்றாகக் காயவைத்தேன். புதிய சென்சாரை அடி மூடிய கண்ணாடி டெஸ்ட் டியூபுக்குள் இறக்கி, வாயை நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்திவிட்டேன். வெப்ப மாற்றம் சற்றுத் தாமதமாகத் தெரிகிறது, ஆனால் அளவு நிலையாக நிற்கிறது. பெரிய நிம்மதி.