ராப், ஸ்டீல்: ஒரே மாதிரி இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

ராப், ஸ்டீல் இரண்டுக்கும் ஆங்கில-தமிழ் அகராதியில் 'திருடு', 'கொள்ளையடி' என்றுதான் போட்டிருக்கும். (உலோகத்தைச் சொல்லும் ஸ்டீல் வேறு; உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு.) பொருள் தெரிந்தும், எழுத உட்கார்ந்தால் எதைப் போடுவது என்று கை தயங்கும். நான் பயன்படுத்தும் வழி இது. மற்ற ஜோடிகளுக்கும் உதவும்.

படி 1: இருமொழி அகராதியைக் கொஞ்ச நேரம் மூடிவையுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதி ஒன்றைத் திறந்து, இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். லாங்மன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே விளக்கம் எழுதுகிறது, நல்லதுதான். ஆனால் என் ஓட்டு காலின்ஸ் கோபில்டுக்கு. 1987இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அது பொருளை முழு வாக்கியமாகச் சொல்கிறது. யார், யாரிடம், எதை என்பதெல்லாம் அந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

படி 2: வினைக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். சிக்கலே இங்கேதான், அவசரப்படாதீர்கள். தமிழில் 'வங்கியைக் கொள்ளையடித்தார்கள்' என்றும் சொல்கிறோம், 'பணத்தைக் கொள்ளையடித்தார்கள்' என்றும் சொல்கிறோம். இரண்டும் சரி. ஆங்கிலம் அப்படி விடாது. ஸ்டீல் என்றால் அடுத்து வருவது களவுபோன பொருள்: ஸ்டீல் மணி, ஸ்டீல் எ கார். ராப் என்றால் அடுத்து வருவது பறிகொடுத்த ஆள் அல்லது இடம்: ராப் எ பேங்க், ராப் எ மேன்.

செயப்பாட்டு வினையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பை போய்விட்டதா? 'மை பேக் வாஸ் ஸ்டோலன்.' பறிகொடுத்தது நீங்களா? 'ஐ வாஸ் ராப்ட்.' மாற்றி 'மை ஹவுஸ் வாஸ் ஸ்டோலன்' என்றால், சுவரும் கூரையுமாக வீட்டையே யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஆகிவிடும்!

கூட வரும் முன்னிடைச்சொல்லையும் சேர்த்தே மனதில் வையுங்கள். ஸ்டீலுக்கு ஃப்ரம், ராபுக்கு ஆஃப். 'ஸ்டோல் மணி ஃப்ரம் ஹிம்', 'ராப்ட் ஹிம் ஆஃப் ஹிஸ் மணி'. நடந்தது ஒன்றுதான், ஆளும் பணமும் இடம் மாறி நிற்கின்றன.

படி 3: சரிபாருங்கள். கூகுள் என்கிராம் வியூவரில் (புத்தகங்களில் எந்தச் சொல் எவ்வளவு வருகிறது என்று காட்டும் இணையக் கருவி) 'ராப் எ' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு நட்சத்திரக் குறி போடுங்கள். அந்த இடத்தில் அதிகம் வரும் 10 சொற்களைக் காட்டும். ஸ்டீலுக்கும் அப்படியே. முழு வாக்கியங்கள் வேண்டுமென்றால் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற ஆங்கில எழுத்து, பேச்சு மாதிரிகளின் தொகுப்பு இருக்கிறது. தொடக்கத்தில் அது தேவைப்படாது.

பிற்சேர்க்கை: 'ராப் என்றால் அடித்துப் பிடுங்குவதுதானே?' என்று சிலர் கேட்டார்கள். சட்டத்தில் அப்படித்தான். இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, பலத்தைப் பயன்படுத்தினாலோ அச்சுறுத்தினாலோதான் அது ராபரி. பேச்சு வழக்கில் அவ்வளவு கறார் கிடையாது. வீட்டில் ஆளில்லாதபோது களவு போனாலும் 'வி வேர் ராப்ட்' என்பார்கள். அதனால் அடிதடி நடந்ததா என்று யோசிக்காமல், படி 2ஐ வைத்தே முடிவு செய்யுங்கள்.

அப்புறம், பூட்டை உடைத்து உள்ளே புகுந்த திருட்டுக்கு பர்கிள் என்று தனிச் சொல்லே உண்டு. அதற்கு அடுத்தும் வீடோ ஆளோதான் வரும், பொருள் வராது. அமெரிக்கர்கள் பெரும்பாலும் பர்க்ளரைஸ் என்பார்கள்.