கொசுவுக்கு மாசாமாசம் காசு கொட்டாம இருக்க என்ன பண்ணலாம்

மழை ஆரம்பிச்சா போதும், பால் வாங்கப் போற கடைலயே ஒரு ரீஃபில், ஒரு சுருள் டப்பா, குழந்தைக்கு க்ரீம்னு சேர்ந்து மாசத்துக்கு நானூறு ஐநூறு கொசுவுக்கே போயிடுது, அப்பவும் கடி நின்ன பாடில்ல. நம்ம வாங்குறது அத்தனையும் பறந்து வந்து உக்காந்த கொசுவுக்குத்தான், அது எங்க பொறந்துச்சுன்னு தேடுறதே இல்ல. தேடுறதுக்கு சுலபமா ஒரு வழி இருக்கு, எப்ப கடிக்குதுன்னு ஒரு ரெண்டு நாள் கவனிங்க, நேரத்த வச்சே எந்தத் தண்ணிலேர்ந்து வருதுன்னு முக்காவாசி சொல்லிடலாம்.

காலைல வெயில் ஏறுறதுக்குள்ள, அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல இருட்டுறதுக்குள்ள, மேஜைக்கு அடில கணுக்கால்ல சத்தமே இல்லாம கடிச்சுட்டுப் போகுதா, அடிச்சுப் பாத்தா கால்ல வெள்ளை வெள்ளையா வரி இருக்கா, அப்ப அது ஏடிஸ். டெங்கு, சிக்குன்குனியா ரெண்டையும் பரப்புறது இதுதான். இது ரொம்ப தூரம் பறக்காது, மிஞ்சிப்போனா சில நூறு மீட்டர், அதனால பகல்ல கடிக்குதுன்னா உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ பொறந்ததுதான், அதுவும் சுத்தமான தண்ணில பொறந்தது, தெரு சாக்கடையப் பாத்து திட்டி பிரயோஜனமில்ல. லைட்ட அணைச்சதும் காதுகிட்ட ஙொய்ங்னு வந்து தூக்கத்தக் கெடுக்குறது க்யூலெக்ஸ், யானைக்கால் நோயப் பரப்புற ஜாதி, சாக்கடை, செப்டிக் டேங்க், ஆகாயத்தாமரை மூடுன கால்வாய்னு அழுக்குத் தண்ணிதான் அதுக்கு வேணும். சென்னைல மழை விட்டு தை, மாசில கால்வாய்த் தண்ணி ஓட்டம் நின்னதும் இதோட அட்டகாசம் தாங்காது. மூணாவது அனாஃபிலிஸ், மலேரியா கொசு, நம்ம ஊர் டவுன்கள்ல மூடாத ஓவர்ஹெட் டேங்க், கிணறு இதுல வளரும், செவுத்துல உக்காந்தா பின்பக்கத்த தூக்கிக்கிட்டு சாய்வா நிக்கும், அத வச்சு கண்டுபிடிச்சிடலாம்.

சரி, பகல் கொசுன்னா வீட்டுக்குள்ளேர்ந்தே ஆரம்பிங்க. நம்ம ஊர் சூட்டுக்கு முட்டை கொசுவா மாற ஏழுலேர்ந்து பத்து நாள் ஆகும், அதனால வாரத்துக்கு ஒரு தடவ, ஞாயித்துக்கிழமை காலைல பல்லு வெளக்குற கையோட ஒரு டார்ச்ச எடுத்துக்கிட்டு ஒரு சுத்து வந்தா போதும், தினமும் வேணாம். முதல்ல ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி. கீழ மோட்டார் மேல ஒரு ட்ரே இருக்கும், பாதிப் பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது, டெங்கு சீசன்ல கார்ப்பரேஷன்லேர்ந்து வீடு வீடா கொசுப்புழு தேடி வர்ற டிபிசி ஊழியர்கள கவனிச்சீங்கன்னா நேரா அங்கதான் டார்ச் அடிப்பாங்க. ட்ரே கழட்ட வரலன்னா ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணிட்டு பழைய துணிய விட்டு ஒத்தி எடுத்துடுங்க. அப்புறம் ஏசி தண்ணி சொட்டுற பக்கெட், மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டிக்கு அடில வைக்கிற தட்டு, எறும்பு ஏறாம இருக்க அலமாரி காலுக்கு அடில வைக்கிற கிண்ணம் (அதுல ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டுட்டா புழு வைக்காது), யாரும் போகாத ரெண்டாவது பாத்ரூம்ல இருக்குற வாளி, வெஸ்டர்ன் டாய்லெட் ஃப்ளஷ் டேங்க். வெளில வந்தா சன்ஷேடு மேல, மொட்டைமாடி மூலைல, பழைய டயர், கொட்டாங்குச்சி, எளநீர் கூடு, யூஸ் பண்ணாம தோட்டத்துல தூக்கிப் போட்ட ஆட்டுக்கல், தார்பாய் மடிப்பு. கன்னியாகுமரி பக்கம் ரப்பர் தோட்டம் வச்சிருக்கவங்க மழைல பால்வெட்டு நின்னதும் பால் பிடிக்கிற சிரட்டைய எல்லாம் கவுத்து வச்சிடணும், அதுலயும் ஏடிஸ் ஜாதிதான் வளரும்.

தண்ணிய உத்துப் பாத்தா புழு இருக்குறது தெரியும், டார்ச் வெளிச்சமோ நிழலோ பட்டதும் மேல தொங்கிக்கிட்டிருந்தது எல்லாம் நெளிஞ்சுக்கிட்டே அடிக்கு ஓடும், ஒரு நிமிஷம் ஆடாம நின்னீங்கன்னா மூச்சு விட ஒண்ணொண்ணா மேல வரும். அதுல சிலது கமா போட்ட மாதிரி சுருண்டு இருந்தா அது கூட்டுப்புழு, ஒண்ணு ரெண்டு நாள்ல பறந்துடும்னு அர்த்தம். அந்தத் தண்ணிய சாக்கடைல ஊத்தாதீங்க, வெயில் அடிக்கிற காஞ்ச தரைல ஊத்துங்க. இன்னொண்ணு, வெறும கவுத்து வச்சா வேலை முடியல, ஏடிஸ் தண்ணிக்குள்ள முட்டை போடாது, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல பக்கெட் ஓரத்துல ஒட்டி வச்சிடும், அது காஞ்சு போயும் மாசக்கணக்குல உசுரோட இருக்கும், அடுத்த தடவ தண்ணி ரொப்புனதும் பொரிஞ்சிடும். அதனால டிரம்மு, தொட்டி எல்லாத்தையும் தேங்கா நாரோ ஸ்க்ரப்பரோ வச்சு ஓரத்தத் தேச்சுட்டுத்தான் திரும்ப ரொப்பணும். லாரித் தண்ணி பிடிச்சு வைக்கிற வீடுன்னா டிரம் வாயில பழைய வேட்டியக் கட்டி மேல மூடி, வேட்டி நடுவுல தொங்கி தண்ணியத் தொடாம இழுத்துக் கட்டுங்க.

தேச்சுக் கழுவ முடியாத கிணறு, தொட்டி, தாமரைத் தொட்டி இதுக்கெல்லாம் கப்பி மீன் விட்டுடுங்க. மீன் கடைல ஒரு ஜோடி பத்து இருபது ரூபாதான், அது பாட்டுக்குப் பெருகிக்கும், புழு ஒண்ணு விடாம தின்னுடும். ஆனா ஏரி குளத்துல கொண்டு போய் விட்டுடாதீங்க, நாட்டு மீன் குஞ்சயும் சேர்த்துத் தின்னும். பக்கத்து காலி மனைல குட்டையா நிக்கிற தண்ணிக்கு எண்ணெய் பந்து போடலாம், மரத்தூளத் துணில மூட்டை கட்டி மெக்கானிக் கடைல கேட்டு வாங்குன கழிவு ஆயில்ல ஊற வச்சுத் தூக்கிப் போட்டா மேல ஒரு படலம் படிஞ்சு புழுவுக்கு மூச்சு முட்டும், சென்னை கார்ப்பரேஷனும் இதப் பண்றாங்க. குடிக்கிற தண்ணி, கிணறு, மீன் இருக்குற தண்ணி பக்கம் மட்டும் இது கூடவே கூடாது.

ராத்திரி கொசுன்னா முதல் சந்தேகம் செப்டிக் டேங்க் மேல நிக்கிற காத்துக்குழாய் மேல வரணும். சாயங்காலம் ஆறு ஆறரைக்கு மாடிக்குப் போய் அந்தக் குழாய் வாயப் பாருங்க, டேங்க்ல புழு வச்சிருந்தா கொசு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வெளில வந்துக்கிட்டே இருக்கும், பாத்தா குமட்டிடும். வைத்தியம் இருபது ரூபா கூட ஆகாது. ஹார்டுவேர் கடைல நைலான் கொசுவலைத் துணி ஒரு துண்டு வாங்கி ரெண்டா மடிச்சு குழாய் வாய மூடி, கழுத்துல பழைய சைக்கிள் ட்யூப வெட்டி ரெண்டு சுத்து சுத்திக் கட்டிடுங்க, நூல் கட்டுனா வெயில்ல இத்துப்போயிடும். காத்து போகணும், அதனால பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிடாதீங்க. டேங்க் மூடி ஓரத்துல விரிசல் இருந்தா சிமென்ட் பூசிடுங்க. அபார்ட்மென்ட்னா அசோசியேஷன்ல இத ஒரு தடவ சொல்லிப் பாருங்க, மொத்த ப்ளாக்குக்கும் நிம்மதி. தெரு ஓரத்துல ப்ளீச்சிங் பவுடர் கோடு போடுறாங்களே, அதுக்கும் கொசுவுக்கும் சம்பந்தமே இல்ல. கொசு மருந்துப் புகை அடிக்கிற வண்டி வந்தாலும் அப்ப பறக்குற கொசு சாகும், தண்ணில இருக்குற புழு ஜம்முனு இருக்கும்.

இப்ப வீட்டுக்குள்ள வராம தடுக்குறது. ஜன்னலுக்கு ஆள் கூப்பிட்டு நெட் அடிச்சா சதுர அடிக்கு இவ்ளோன்னு ஆயிரக்கணக்குல போயிடும், நீங்களே பண்ணா அதுல கால்வாசி கூட ஆகாது. மீட்டர் கணக்குல நெட் துணி, வெல்க்ரோ டேப் ரெண்டும் வாங்கி, ஜன்னல் சட்டத்த ஈரத்துணியால துடைச்சு நல்லா காய விட்டு, சொரசொரப்பான டேப்ப சட்டத்துல ஒட்டுங்க, மெத்துனு இருக்குற டேப்ப நெட் ஓரத்துல தைச்சிடுங்க. அதையும் ஒட்டுனா ஒரு வெயில் காலத்துலயே உரிஞ்சு தொங்கும், தையல்காரர்கிட்ட குடுத்தா ஓரம் மடிச்சு அடிச்சுக் குடுத்துடுவாரு. எல்லாரும் ஹால் ஜன்னலுக்கு நெட் போட்டுட்டு பாத்ரூம் வென்டிலேட்டரயும் கிச்சன் எக்ஸாஸ்ட் ஓட்டையையும் விட்டுடுவாங்க, கொசு அது வழியாத்தான் வரும். சாயங்காலம் அஞ்சரைலேர்ந்து ஏழு வரைக்கும் கதவ மூடி வைங்க. கதவுக்குப் பின்னாடி ஆணில மாட்டி வச்ச பேன்ட், சட்டை, வேர்வையோட தொங்குற கறுப்பு யூனிஃபார்ம், அதுதான் பகல் பூரா கொசு தங்குற லாட்ஜ், சாயங்காலம் கொசு பேட்ட எடுத்துக்கிட்டு அங்க ஒரு உதறு உதறுங்க, சடசடனு வெடிக்கும்.

தூங்கும்போது கொசு வலைய மிஞ்சுன பொருள் எதுவும் இல்லன்னு நான் அடிச்சு சொல்லுவேன். ஒரு தடவ வாங்குனா வருஷக்கணக்குல வரும், கரன்ட் வேணாம், புகை இல்ல, கைக்குழந்தைக்கும் பயமில்லாம கட்டலாம். ரவுண்டா மேலேர்ந்து தொங்குறத விட நாலு மூலைல கட்டுற சதுர வலை மேல், ஏன்னா ரவுண்டு வலைல கையும் காலும் துணியத் தொட்டுக்கிட்டே இருக்கும், வெளில உக்காந்துக்கிட்டே ஓட்டை வழியா குத்திடும். இருட்டுறதுக்கு முன்னாடியே இறக்கி மெத்தைக்கு அடில சொருகிடுங்க. வலை பிடிக்கலன்னா ஃபேன், சீலிங் ஃபேன விட கால் பக்கம் பாத்து வச்ச டேபிள் ஃபேன் நல்லா வேலை செய்யும், கொசுவுக்கு காத்த எதிர்த்துப் பறக்குற தெம்பு கிடையாது, நம்ம மூச்சுக்காத்த மோப்பம் பிடிச்சுத்தான் வரும், ஃபேன் அதையும் கலைச்சு விட்டுடும்.

மெஷின் போட்டே ஆகணும்னா படுக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி, தலைமாட்டுல இல்லாம கொசு உள்ள வர்ற ஜன்னல் பக்கத்து ப்ளக்ல போட்டுட்டு, படுத்ததும் ஆஃப் பண்ணிடுங்க, ரீஃபில் ரெண்டு மடங்கு நாள் வரும். சுருள மூடுன ரூம்ல கொளுத்தாதீங்க, ஒரு சுருள் எரிஞ்சா வர்ற நுண்துகள் 75லேர்ந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு 2003ல வந்த ஆய்வு ஒண்ணு சொல்லுது, மலிவுன்னு பாத்தா நுரையீரலுக்கு செலவு. பேர் தெரியாத கம்பெனி கொசு அகர்பத்தி இன்னும் மோசம், மூலிகைன்னு போட்டிருக்கும், உள்ள அனுமதி இல்லாத பூச்சிமருந்து இருக்கலாம், அட்டைல சிஐஆர்னு பதிவு நம்பர் இல்லன்னா வாங்காதீங்க. வாட்ஸாப்ல சுத்துற கற்பூரத்த கெரசின்லயோ தின்னர்லயோ கரைச்சு காலி ரீஃபில்ல ஊத்துற டிப்ஸ் வேணவே வேணாம், ராத்திரி பூரா சூடாகுற மெஷின்ல அத வச்சுட்டுத் தூங்குறது வம்பு, அதோட கற்பூரத்த குழந்தை வாயில வச்சா ஃபிட்ஸ் வர்ற அளவுக்குப் போகும். கொசு விரட்டுற மொபைல் ஆப், ப்ளக்ல சொருகுற அல்ட்ராசோனிக் டப்பா ரெண்டுமே சுத்த ஏமாத்து, சோதனை பண்ணிப் பாத்த ஆய்வு எதுலயும் கடி குறையல. எலுமிச்சைல கிராம்பு சொருகுறது போட்டோ எடுக்க நல்லாருக்கும், அவ்ளோதான்.

வெளில உக்காரணும்னா, வாசத் திண்ணையோ மொட்டைமாடியோ, அங்கயும் அந்த டேபிள் ஃபேன்தான் முதல்ல. கரன்ட் இல்லாத இடம், மாட்டுக்கொட்டகை, தோட்டம்னா பழைய வழிதான், காஞ்ச வேப்பிலை, நொச்சி இலை, தேங்கா மட்டைய மண்சட்டில போட்டு காத்து வர்ற பக்கம் வச்சு புகை மூட்டலாம், புகை இருக்குற வரைக்கும்தான் வேலை செய்யும், இழுப்பு இருக்கவங்க பக்கத்துல வேணாம். நொச்சி செடிய வாசல்ல நட்டுட்டாலே கொசு ஓடிடும்னு நினைக்காதீங்க, செடி சும்மா நின்னா கொசுவுக்கு ஒண்ணும் ஆகாது, இலைய எரிச்சாத்தான் உண்டு. வெளிர் கலர்ல லூசா முழுக்கை சட்டை போடுங்க, லெக்கிங்ஸ் மேலயே குத்திடும். சாயங்காலம் வெளாடப் போற பசங்களுக்கு சாக்ஸ், கணுக்கால்லயும் முழங்கைலயும் க்ரீம், பகல் கொசு இருக்குற நேரமே அதுதானே. வெயில் க்ரீம் தடவுறதா இருந்தா அத முதல்ல தடவி காஞ்சப்புறம் கொசு க்ரீம். நூறு மில்லி தேங்காண்ணெய்ல அரை ஸ்பூன் வேப்பெண்ணெய் கலந்து தடவுறதும் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும், ராத்திரி கொசுவுக்குப் பரவால்ல, டெங்கு கொசுவுக்கு நான் அத நம்ப மாட்டேன், நாத்தமும் தாங்கணும். ரெண்டு மாசத்துக்கு உள்ள குழந்தைக்கு எந்த க்ரீமும் வேணாம், வலை மட்டும்.

இத்தனையும் பண்ணியும் கடிக்குதுன்னா பக்கத்து காலி மனை, பாதில நிக்கிற கட்டட வேலை, அதோட லிஃப்ட் குழி, சிமென்ட் தரைல கட்டி விட்ட தண்ணி, இதுல ஒண்ணுதான். சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைக் கிண்ணத்துல அந்தத் தண்ணிய மொண்டு, புழு தெரியுற மாதிரி பக்கத்துல போட்டோ எடுத்துக்குங்க. சென்னைன்னா 1913க்கு போன் பண்ணி டோர் நம்பரோட புகார் பதிஞ்சு நம்பர வாங்கி வைங்க, மத்த ஊர்ல நகராட்சி சுகாதாரப் பிரிவு, கிராமம்னா பஞ்சாயத்து ஆபீஸ்லயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ அந்தப் போட்டோவக் காட்டுங்க, கொசு ஜாஸ்தின்னு பொத்தாம்பொதுவா சொல்றதுக்கும் புழுவோட போட்டோவக் காட்டுறதுக்கும் ஆள் வர்ற வேகத்துல நல்ல வித்தியாசம் இருக்கும்.