ஆசை யாருது, கடமை யார் தலையில? மகாபாரதத்தை நோட்டு போட்டுப் படிக்கிற ஒரு வழி

மகாபாரதம் முழுசா படிச்சே தீரணும்னு ஆதிபர்வத்தோட (பர்வம்னா மகாபாரதத்தோட ஒரு பாகம், இது முதல் பாகம்) முதல் பக்கத்துல உக்காந்து, பாம்பு யாகம் முடியறதுக்குள்ள புத்தகத்தை மூடி பரண்ல வச்சவங்க நிறைய பேர் இருப்பீங்க, நானும் அந்தக் கூட்டம்தான். ரெண்டாவது தடவை வரிசையா போகாம, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் துரத்திக்கிட்டு போனேன். ஆசையும் கடமையும் மோதுற இடங்கள். அப்படிப் போனா தூக்கமே வராது, அதனால இங்க எழுதறேன்.

முதல்ல ஒரு பழைய நோட்டு எடுத்து மூணு கட்டம் போடுங்க. ஆசைப்பட்டது யாரு, அதுக்காக சுமந்தது யாரு, ஆசைப்பட்டவர் வாய்விட்டு என்ன சொன்னாரு. மூணாவது கட்டத்தை மட்டும் விட்டுடாதீங்க, சுவாரஸ்யமே அங்கதான் இருக்கு. ஆசை கெட்டது கடமை நல்லதுன்னு சின்ன வயசுல நமக்கு ஊட்டிவிட்டதை கொஞ்ச நேரம் ஓரமா வச்சிடுங்க, ஏன்னா இந்தக் கதைகள்ல ஆசை ஒருத்தர்கிட்ட இருக்கும், கடமை இன்னொருத்தர் தலையில விழும்.

ஆரம்பிக்க வேண்டியது யயாதிங்கிற ராஜாவோட கதை, ஆதிபர்வத்துலயே இருக்கு. அசுரர்களோட குரு சுக்ராசாரியார் பொண்ணு தேவயானியைக் கட்டிக்கிட்டான், கூடவே பணிப்பெண்ணா வந்த அசுர ராஜா பொண்ணு சர்மிஷ்டையை நெருங்கக் கூடாதுன்னு மாமனார் அப்பவே சொல்லிட்டாரு, ஆனா திருட்டுத்தனமா அவகிட்ட மூணு பிள்ளை. மாட்டிக்கிட்டப்போ யயாதி என்ன சொல்றான் தெரியுமா? கேட்டு வந்த பொண்ணை மறுத்தா பாவம், தர்மத்துக்குப் பயந்துதான் செஞ்சேன்கிறான்! மூணாவது கட்டத்துல முதல் வரியே இதுதான். சுக்ராசாரியார் அதுல மயங்கல, உடனே கிழவனாப் போன்னு சாபம். அப்புறம் கெஞ்சிக் கேட்டதும், யாராவது வாங்கிக்கிட்டா முதுமையை மாத்திக்கலாம்னு ஒரு வழி விடறாரு. அஞ்சு பிள்ளைங்ககிட்டயும் போய் இளமையைக் கேக்கறான், நாலு பேர் முடியாதுங்கிறாங்க, கடைக்குட்டி பூரு மட்டும் சரிங்கிறான்.

இங்க பூருவைப் பாராட்டிட்டு தாண்டிப் போயிடாதீங்க, முடியாதுன்னவங்களையும் நோட்டுல எழுதுங்க. மூத்தவன் யது மறுத்தான், உன் வம்சத்துக்கு ராஜ்யம் கிடையாதுன்னு அப்பன் சபிச்சான், ஆனா அந்த யது வம்சத்துலதான் கிருஷ்ணன் பொறக்கறான். ஆயிரம் வருஷம் அனுபவிச்சிட்டு, நெய் ஊத்தினா நெருப்பு அடங்காது, வளரத்தான் செய்யும், ஆசையும் அப்படித்தான்னு யயாதி சொல்றது ரொம்ப ஃபேமஸ். நல்ல வார்த்தைதான், ஆனா அந்த ஆயிரம் வருஷமும் பிள்ளையோட இளமைங்கிறதை ஞாபகம் வச்சுக்கிட்டு படிங்க.

அடுத்தது அதே பூருவோட வம்சத்துல வர்ற ராஜா சந்தனு. செம்படவர் தலைவன் பொண்ணு சத்யவதியைக் கட்டிக்க ஆசைப்பட்டுப் போய்க் கேக்கறான். அவளோட அப்பா, என் பொண்ணு வயித்துப் பிள்ளைதான் ராஜா ஆகணும்னு கண்டிஷன் போட்டதும் மனசு உடைஞ்சு திரும்பி வந்து சுருண்டு கிடக்கறான். பிள்ளை தேவவிரதன் ஏன்ப்பா இப்படி இருக்கீங்கன்னு கேக்கறான். இந்த பதிலை நிதானமா, முடிஞ்சா ரெண்டு தடவை படிங்க. எனக்கு நீ ஒரே பிள்ளை, ஒத்தைப் பிள்ளை இருக்கிறதும் பிள்ளையே இல்லாததும் ஒண்ணுன்னு தர்மம் தெரிஞ்சவங்க சொல்றாங்க, நீயோ எப்பவும் ஆயுதமும் கையுமா திரியறே, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா குலம் என்னாகும், மத்தபடி இன்னொரு கல்யாணத்துல எனக்கு இஷ்டம் இல்லைன்னு போகுது பேச்சு. சத்யவதி பேரே வரல. தேவவிரதன் புத்திசாலி, நேரா வயசான மந்திரிகிட்ட போய் உண்மையைத் தெரிஞ்சுக்கறான், செம்படவர் தலைவன் வீட்டுக்குப் போறான், ராஜ்யம் வேண்டாம்னு ஒரு சபதம், என் பிள்ளைங்க சண்டைக்கு வரக்கூடாதுன்னா எனக்குப் பிள்ளையே வேண்டாம்னு ரெண்டாவது சபதம். பீஷ்மர்ங்கிற பேரு அப்போ வந்ததுதான். எங்க பாட்டி இந்த இடம் வந்தா கையெடுத்துக் கும்பிடும், எனக்கு இப்பல்லாம் கும்பிடறதுக்கு முன்னாடி சந்தனு மேல கோவம்தான் வருது.

பீஷ்மர் சபதத்துக்கு அவர் மட்டும் விலை கொடுக்கலைங்கிறதைப் பார்க்க உத்தியோகபர்வத்தோட கடைசிக்குத் தாவுங்க, அம்பை கதை அங்க விரிவா இருக்கு. தம்பிக்குக் கட்டி வைக்க காசியிலேர்ந்து மூணு பொண்ணுங்களை பீஷ்மர் தூக்கிட்டு வர்றாரு, மூத்தவ அம்பை, நான் சால்வனை மனசுல வரிச்சுட்டேன்னு நேருக்கு நேர் சொல்றா. சுத்தி வளைக்காம சொன்ன ஆசை இது, மூணாவது கட்டத்துல எழுத வேலையே இல்லை. பீஷ்மரும் அனுப்பி வைக்கறாரு, ஆனா இன்னொருத்தன் ஜெயிச்சுக் கொண்டுபோன பொண்ணு எனக்கு வேண்டாம்னு சால்வன் சொல்லிடறான், பீஷ்மர்கிட்ட திரும்பினா அங்க சபதம் நிக்குது. ஆளாளுக்கு ஒரு தர்மம், நடுவுல அவளுக்கு நிக்க இடம் இல்லை. மறுபிறவியில அவளே சிகண்டியா வந்து பீஷ்மர் விழறதுக்குக் காரணம் ஆகற வரைக்கும் இந்த இழை போகுது.

நடுவுல ஒரு மாறுதலுக்கு வால்மீகி ராமாயணம், அயோத்தியா காண்டம் 53வது சர்க்கம். கங்கையைத் தாண்டினதும் வர்ற முதல் ராத்திரி, மரத்தடி. அப்பா புத்தி தடுமாறிப் போனதைப் பார்த்தா பொருள், தர்மம் ரெண்டையும் விட காமம்தான் பெருசுன்னு தோணுதுடான்னு லட்சுமணன்கிட்ட ராமன் புலம்பறான். அரண்மனையில இருந்தப்போ எல்லாம் தெய்வச் செயல்னு தம்பியை அடக்கினதும் இதே ராமன்தான். கம்பன்லயும் "நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை"ன்னு ஆரம்பிச்சு விதியின் பிழைன்னு முடிக்கிறானே, அந்த ராமனையே கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ராத்திரி கொஞ்சம் அதிர்ச்சியாதான் இருக்கும். கடமையைச் செஞ்சவனுக்கும் வலிச்சிருக்கு, அதை அவன் இருட்டுல தம்பிகிட்ட மட்டும் சொல்றான்.

இப்போ தர்மபுத்திரர். சபாபர்வத்துல சூதுக்குக் கூப்பிட்டா மறுக்கக் கூடாது, அது என் விரதம்னு சொல்லி உக்காந்தாரு, நாமளும் பாவம் கடமைக்காகப் போனார்னு நினைப்போம். அங்கேயே நிறுத்தாம வனபர்வத்துக்குப் போங்க, காட்டுல பீமன் வார்த்தையால குத்திக் கிழிச்சதும், துரியோதனன்கிட்டேர்ந்து ராஜ்யத்தைப் பிடுங்கணும்னுதான் காயை எடுத்தேன்னு அவரே ஒத்துக்கறாரு. இந்த ரெண்டு பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கணும், இல்லன்னா விட்டுப்போயிடும். (கீதையிலயும் இதே வேலை செய்யலாம், 3:37ல காமம்தான் எதிரிங்கிறார் கிருஷ்ணன், 7:11ல தர்மத்துக்கு விரோதம் இல்லாத காமம் நானேங்கிறார். ஒண்ணை மட்டும் மேற்கோள் காட்டறவங்ககிட்ட உஷார்.)

கடைசியா சாந்திபர்வம், அதுல ஆபத்தர்மப் (ஆபத்துக் காலத்துல எது தர்மம்ங்கிற) பகுதியோட முடிவுக்குப் பக்கத்துல. பூனா பதிப்புல (பல சுவடிகளை ஒப்பிட்டுப் போட்ட ஆய்வுப் பதிப்பு) 161வது அத்தியாயம், மத்த பதிப்புகள்ல நம்பர் மாறும், அதனால நம்பரை நம்பாம அம்புப் படுக்கையில பீஷ்மர் பேசி நிறுத்தினதும் பாண்டவர்கள் வீட்டுக்குத் திரும்பற இடத்தைத் தேடுங்க. அறம் பொருள் இன்பம், இதுல எது பெருசுன்னு தர்மர் கேக்கறாரு. விதுரர் அறம்ங்கிறாரு, அர்ஜுனன் பொருள்ங்கிறான், நகுலனும் சகாதேவனும் அறத்தோட சேர்ந்த பொருள்னு ரெண்டுக்கும் நடுவுல நிக்கறாங்க. அப்புறம் பீமன் எழுந்து காமம்தான்னு போட்டு உடைக்கறான். ஆசை இல்லாதவன் பொருளைத் தேடமாட்டான், அறத்தையும் தேடமாட்டான், வியாபாரியும் உழவனும் வேலை செய்யறது ஆசையால, ஒருத்தன் கடல்ல இறங்கறதும் ஆசையால, ரிஷிங்க காத்தைக் குடிச்சு தவம் பண்றதும் ஏதோ ஒண்ணு வேணும்னுதானே, பிண்ணாக்கை விட எண்ணெய் ஒசத்தி, மோரை விட நெய் ஒசத்தின்னு அடுக்கறான். தர்மர் எல்லாத்தையும் கேட்டுட்டு மோட்சத்துக்குப் போயிடறாரு, அது அவர் வழக்கம்.

இந்த அத்தியாயத்தை மனசுக்குள்ள படிக்காதீங்க. வீட்ல நாலஞ்சு பேர் இருந்தா ஆளுக்கொரு பாத்திரம் பிரிச்சு வாய்விட்டுப் படிங்க, பீமன் பாகத்தை வீட்ல எப்பவும் கடமை கடமைன்னு பேசறவங்ககிட்ட குடுங்க. நான் எங்க பெரியப்பாகிட்ட குடுத்தேன், நெய் வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சிட்டு, இதை எங்கப்பா எனக்கு சொல்லவே இல்லையேடான்னாரு.