கச்சா எண்ணெயின் தாய்ப்பாறையைக் கண்டுபிடிக்க

எண்ணெய் உருவான பாறைதான் தாய்ப்பாறை; எண்ணெயின் மூலக்கூறு அடையாளங்களைப் பாறையின் அடையாளங்களோடு ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிக்கலாம். மலேசியக் கடலோரத்து மலாய்ப் படுகை எண்ணெயைக் கோலாலம்பூர் ஆய்வகத்தில் பிரிக்கிறீர்களா? முதலில் பிளாஸ்டிக்கை ஒதுக்குங்கள். கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் மூடி மட்டும். இல்லையேல் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் தேலேட் என்ற வேதிப்பொருளின் உச்சி வரைபடத்தில் வந்து குழப்பும்.

எண்ணெயில் 40 மடங்கு பென்டேன் ஊற்றி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். படியும் கறுப்புத் தூள் அஸ்ஃபால்டீன், வடிகட்டி எடுங்கள். மிச்சத்தைச் சிலிக்கா ஜெல் குழாயில் ஏற்றி ஹெக்சேன் விட்டால் நிறைவுற்ற ஹைட்ரோகார்பன் பகுதி இறங்கும். ஹெக்சேனை ஓட்ட நைட்ரஜன் ஊதும்போது ஒட்டக் காயவிடாதீர்கள். 15 கார்பன் அணுக்களுக்குக் குறைந்த மூலக்கூறுகள் பறந்துவிடும்.

மூலக்கூறுகளைப் பிரித்து எடைபோடும் ஜிசி-எம்எஸ் கருவியில் பழைய உயிர்களின் சுவடான மூலக்கூறுகளைத் தேடுங்கள்: நிறை எண் (m/z) 191இல் ஹோப்பேன், 217இல் ஸ்டெரேன், 412இல் பைகாடினேன் பாருங்கள். இந்தப் பைகாடினேன் நாம் பூஜையில் புகைக்கும் குங்கிலியத்தின் வம்சம்: மெராந்தி, கெருயிங் மரக் குடும்பத்தின் பிசின். புக்கிட் நானாஸ் காட்டில் இன்றும் நிற்கும் அதே குடும்பம்தான். இதோடு பூக்கும் தாவரங்களின் சுவடான ஓலியனேனும் மிகுந்து, பிரிஸ்டேன்–பைட்டேன் என்ற இரு ஹைட்ரோகார்பன்களின் விகிதம் 3ஐத் தாண்டினால் தாய்ப்பாறைக்குத் தீனி போட்டது நிலத்தாவரம். ஆனால் எண்ணெய் வரும் வழியில் நிலக்கரி அடுக்கிலிருந்தும் பைகாடினேனை வாரிக்கொண்டு வரலாம்; அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லவே கூடாது.

அடுத்து, தாய்ப்பாறை என்று சந்தேகிக்கும் பாறையைக் கழுவி, பொடித்து, சாக்ஸ்லெட் என்ற சாறெடுக்கும் கருவியில் 72 மணி நேரம் டைகுளோரோமீத்தேன்–மெத்தனாலில் சாறெடுத்து, அதே வழியில் ஓட்டி எண்ணெயோடு ஒப்பிடுங்கள். கிணறு தோண்டப் பயன்படுத்தும், எண்ணெய் கலந்த துளைச்சேறு பட்ட பாறைத் துண்டுகளைத் தொடவே வேண்டாம். பாறையைச் சூடாக்கும் சோதனையில் ஹைட்ரோகார்பன் மிக அதிகமாக வெளியேறும் வெப்பநிலையான டிமேக்ஸ் 435 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் பாறை எண்ணெய் தரும் அளவுக்குப் பழுக்கவில்லை; அதே பாறைப் படிவத்தை ஆழத்தில் தேடுங்கள்.