ஷாப்பிஃபையில் இலவச டெலிவரியைச் சாதாரண கூரியருக்கு மட்டும் கொடுப்பது எப்படி?

காங்கேயம் பக்கம் அண்ணி மரச்செக்கு எண்ணெய் விற்கிறார். இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை தளத்தில் இருக்கும் அவருடைய கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன தீபாவளிக்குப் பலகாரம் சுட எண்ணெய் வாங்குகிறவர்களுக்காக, 1000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று ஒரு சலுகை போட்டேன். நாலு நாள் கழித்து அண்ணி போன் செய்தார்: "தம்பி, அஞ்சு லிட்டர் டின்னு எல்லாரும் எக்ஸ்பிரஸ்லயே கேக்கறாங்க, ஒருத்தரும் அதுக்குக் காசு கட்டல. என்னன்னு பாரு."

பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். ஷாப்பிஃபையில் இலவச டெலிவரி சலுகை போட்டால், வாங்குகிறவர் பணம் கட்டும் பக்கத்தில் இருக்கும் எல்லா டெலிவரி முறைக்கும் அது பொருந்தும். சாதாரணமும் சுழியம், எக்ஸ்பிரஸும் சுழியம். இரண்டும் ஒரே விலை என்றால் யார்தான் மெதுவாக வருவதைக் கேட்பார்கள்?

கடை திறப்பது, பொருளுக்கு எடை போடுவது, டெலிவரி கட்டணம் சேர்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நேராகச் சலுகைக்குப் போவோம்.

படி 1: முதலில் ஒரு தாள்

கம்ப்யூட்டரைத் தொடும் முன் உங்கள் கட்டணங்களை எழுதிக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யாமல்தான் இரண்டு முறை திரும்பத் திரும்ப மாற்றினேன். எங்கள் பட்டியல் அப்போது இப்படி இருந்தது:

1 கிலோ வரை: சாதாரணம் 60, எக்ஸ்பிரஸ் 120
1 முதல் 3 கிலோ: சாதாரணம் 110, எக்ஸ்பிரஸ் 180
3 முதல் 6 கிலோ: சாதாரணம் 190, எக்ஸ்பிரஸ் 400

படி 2: சலுகையை உருவாக்குவது

'டிஸ்கவுண்ட்ஸ்' பக்கத்தில் 'கிரியேட் டிஸ்கவுண்ட்', அதில் 'ஃப்ரீ ஷிப்பிங்'. கூப்பன் கோடா, தானாக விழுவதா என்று கேட்கும். நான் தானாக விழுவதையே சொல்வேன். கோடு கொடுத்தால் பாதிப் பேர் அதைப் போட மறந்துவிட்டு, பணம் கட்டிய பிறகு போன் செய்கிறார்கள்.

நாடு என்ற இடத்தில் இந்தியாவை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'எல்லா நாடுகளும்' என்று விட்டுவைத்தால், நாளை சிங்கப்பூருக்கு அனுப்ப ஆரம்பிக்கும்போது அந்த ஆர்டரும் இந்தச் சலுகைக்குள் வந்துவிடும். குறைந்தபட்ச ஆர்டர் தொகை 1000.

படி 3: நான் சறுக்கிய இடம்

அதே பக்கத்தில் 'எக்ஸ்க்ளூட் ஷிப்பிங் ரேட்ஸ் ஓவர் எ சர்ட்டன் அமவுண்ட்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். ஒரு தொகை போட்டால், அதைவிட அதிகமான டெலிவரி கட்டணங்களுக்குச் சலுகை கிடைக்காது. இந்தச் சலுகைப் பக்கத்தில் எக்ஸ்பிரஸை விலக்க இருக்கும் வழி இதுதான். முறையின் பெயரைச் சொல்லி விலக்க முடியாது, தொகையை வைத்துத்தான் விலக்க முடியும்.

முதலில் 200 போட்டேன். 5 லிட்டர் டின் எக்ஸ்பிரஸ் 400 ரூபாய், அது விலகிவிட்டது. ஆனால் மூன்று பாட்டில் ஆர்டருக்கு எக்ஸ்பிரஸ் 180 தானே? அது 200-க்குள் இருப்பதால் மறுபடியும் இலவசம். சரி என்று 150 ஆக்கினேன். இப்போது டின் வாங்குகிறவருக்குச் சாதாரண கூரியரே 190 ரூபாய் காட்டியது. அதிகம் வாங்குகிறவருக்குச் சலுகை இல்லை, கொஞ்சம் வாங்குகிறவருக்கு உண்டு. தாளை எடுத்து எழுதிய பிறகுதான் சிக்கல் புரிந்தது: கனமான பார்சலின் சாதாரணக் கட்டணம், இலேசான பார்சலின் எக்ஸ்பிரஸ் கட்டணத்தைத் தாண்டி நிற்கிறது. இப்படி இருக்கும்வரை எந்தத் தொகை போட்டாலும் ஒரு பக்கம் ஒழுகும்.

வழி அந்தத் தாளிலேயே இருந்தது. 3 கிலோவுக்கு மேல் போகும் எங்கள் ஆர்டர் எல்லாமே 1000 ரூபாயைத் தாண்டிவிடும். அதாவது அந்த 190-ஐச் சாதாரண கூரியரில் யாரும் கட்டப்போவதே இல்லை. அதை 170 ஆகக் குறைத்தேன், எங்களுக்கு நஷ்டமில்லை. விலக்குத் தொகையை 175 ஆக்கினேன். 180-ம் 400-ம் வெளியே, 110-ம் 170-ம் உள்ளே. 120 ரூபாய் எக்ஸ்பிரஸ் உள்ளே வருமே என்பீர்கள். 1 கிலோவுக்குள் 1000 ரூபாய் மதிப்புள்ள பொருளே எங்களிடம் இல்லை. நகை, பட்டு விற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கட்டணத்தை மாற்ற முடியாதவர்களுக்கு

சலுகையே வேண்டாம். 'செட்டிங்ஸ்', 'ஷிப்பிங் அண்ட் டெலிவரி' போய், 'இலவச சாதாரண டெலிவரி' என்று சுழிய ரூபாய்க்கு ஒரு கட்டணம் சேர்த்து, ஆர்டர் தொகை 1000-க்கு மேல் என்று நிபந்தனை வையுங்கள். எக்ஸ்பிரஸ் அதன் விலையிலேயே நிற்கும். ஒரே கட்டணத்துக்கு எடை, தொகை இரண்டையும் நிபந்தனையாக வைக்க முடியாது. அதனால் எடைப்படி வைத்த பழைய சாதாரணக் கட்டணமும் கூடவே பட்டியலில் தெரியும். பெயரில் 'இலவச' என்று தெளிவாக இருந்தால் வாங்குகிறவர் குழம்பமாட்டார்.

முறையின் பெயரைப் பார்த்துச் சலுகை தரும் ஆப்களும் உண்டு. இந்த இரண்டு வழியும் ஒத்துவராவிட்டால் மட்டும் அதற்கு மாத வாடகை கட்டுங்கள். சின்னக் கடைக்கு ஒவ்வொரு ஆப்பும் ஒரு செலவு. பெயரை வைத்து வேலை செய்யும் ஆப் என்றால், டெலிவரி முறையின் பெயரை மாற்றும் நாளில் ஆப்பிலும் மாற்ற வேண்டும்.

படி 4: சோதனை

பிரவுசரின் இன்காக்னிட்டோ (தனிப்பட்ட) ஜன்னலில் கடையைத் திறந்து ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். கூடையோடு நிறுத்தாதீர்கள். முகவரி கொடுத்து டெலிவரி முறைகள் வரும் இடம்வரை போனால்தான் உண்மை தெரியும். பணம் கட்டத் தேவையில்லை. எக்ஸ்பிரஸைத் தேர்ந்தெடுத்து மொத்தத் தொகை கூடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பிற்சேர்க்கை: "10 சதவீதத் தள்ளுபடி கோடு போட்டதும் இலவச டெலிவரி மறைந்துவிடுகிறது" என்று இருவர் கருத்தில் எழுதியிருந்தார்கள். சலுகைப் பக்கத்தில் 'காம்பினேஷன்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். டெலிவரி சலுகையில் மட்டும் டிக் செய்தால் போதாது, அந்த 10 சதவீதச் சலுகையையும் திறந்து, டெலிவரி சலுகையோடு சேரலாம் என்று டிக் செய்ய வேண்டும்.

இன்னொன்று: வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் மென்பொருள்) கடை வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்பிரஸ் தொல்லை இல்லை. அங்கே இலவச டெலிவரி தனியாக ஒரு முறை, மற்றவற்றின் விலையை அது தொடாது. ஆனால் கூப்பனில் இலவச டெலிவரியை டிக் செய்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. உங்கள் ஷிப்பிங் ஜோனுக்குள் (டெலிவரி செய்யும் பகுதிக்கான அமைப்பு) 'ஃப்ரீ ஷிப்பிங்' முறையைச் சேர்த்து, அதற்குக் கூப்பன் தேவை என்றும் அமைத்திருக்க வேண்டும்.