800 மீட்டர்: மூன்றாவது இருநூறில்தான் வில்லங்கம்

800 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் இரண்டு சுற்று. பள்ளிக்கூட நாளில் ஒரு போட்டியில் முதல் சுற்றை 58 விநாடியில் ஓடினேன். கடைசி நூறில் கால் நடவு வயலில் புதைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆறு பேர் தாண்டிப் போனார்கள். இப்போது தஞ்சாவூர்ப் புதுஆற்றுக் கரையில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

2 நிமிடம் 10 விநாடி இலக்கு என்றால் முதல் சுற்று 64, அடுத்தது 66. இரண்டும் சமமாக இருக்க வேண்டியதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்ய வீரர் டேவிட் ருடிஷா 800 மீட்டரில் உலக சாதனை படைத்தபோதும் இரண்டு சுற்றும் 49.28, 51.63 விநாடிதான். நம் 2 நிமிடம் 10 விநாடியை இருநூறு இருநூறு மீட்டராகப் பிரித்தால் 31, 33, 33.5, 32.5. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் வருகிற மூன்றாவது துண்டில் உடம்பு தானாகச் சுணங்கும். அங்கே வேகத்தைக் கூட்டுவதாக நினைத்து ஓடினால்தான் பழைய வேகமாவது நிற்கும். தோளை இறக்கி, கையை நன்றாக வீசுங்கள்.

பழகுவதற்கு வாரம் ஒருநாள் 200 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 33 விநாடி, இடையில் 2 நிமிட நடை. ஓடி முடித்ததும் கடிகாரத்தைப் பார்க்காமல் எத்தனை விநாடி என்று நீங்களே சொல்லுங்கள், அப்புறம் பாருங்கள். ஆடிக்காற்றில் மட்டும் ஆற்றங்கரையில் நேரம் எடுக்காதீர்கள். போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது பிடித்து நிறுத்திவிடும்.